செறிபொருளா, ஒடுக்கமா?

மிகவும் குளிர்ந்து ஒரே நிலையில் சேர்ந்துவிட்ட அணுக்கூட்டத்துக்கு 'போஸ்-ஐன்ஸ்டைன் கண்டன்சேட்' என்று பெயர். அதில் முதல் இரண்டும் ஆட்களின் பெயர்கள், அப்படியே எழுதிவிடலாம். தமிழில் எழுதும்போது இடறுவது மூன்றாவது சொல்தான். அதைச் 'செறிபொருள்' என்பதா, 'ஒடுக்கம்' என்பதா?

அதன் வேர் லத்தீன். 'டென்சஸ்' என்றால் அடர்ந்தது. நெருக்கிக் கெட்டியாக்குவது என்பது கண்டன்சேஷனின் பழைய பொருள். கொதிக்கும் பாத்திரத்தின் மூடிக்கு அடியில் நீராவி துளித்துளியாகப் படிவதற்கும் இதே சொல்தான். இதைத் தமிழகப் பாடநூல்கள் ஆவி சுருங்குதல் என்கின்றன, இலங்கையில் ஒடுங்கல்.

சரி, இது அணுக்களுக்கு எப்படி வந்தது? 1924இல் டாக்கா பல்கலைக்கழகத்தில் இருந்த சத்யேந்திரநாத் போஸ், ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தறிய முடியாத ஒளித்துகள்களை எண்ணப் புதுவழி கண்டு ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்டைன் அதை ஜெர்மனில் மொழிபெயர்த்து வெளிவரச் செய்தார். அப்புறம் அதே கணக்கை அணுக்களுக்குப் போட்டுப் பார்த்தார். மிகவும் குளிர்ந்த வாயுவில் ஒரு பகுதி அணுக்கள் அடிமட்ட ஆற்றல் நிலையில் போய்ச் சேரும், மிச்சம் வாயுவாகவே நிற்கும் என்று விடை வந்தது. ஆவியில் ஒரு பகுதி நீராவது போலத்தானே? அந்த ஒப்புமையில் சொல் ஒட்டிக்கொண்டது.

1995 ஜூனில் அமெரிக்காவின் போல்டரில் எரிக் கார்னெல், கார்ல் வீமன் குழு இதை ரூபிடியம் என்ற உலோகத்தின் அணுக்களில் செய்து காட்டியது. லேசரால் வேகத்தைக் குறைத்து, காந்தப் பொறியில் பிடித்துவைத்து, துள்ளித் திரியும் அணுக்களை மட்டும் வெளியே விட்டார்கள். வெப்பநிலை சுமார் 170 நானோகெல்வினுக்கு இறங்கியது (ஒரு நானோகெல்வின் என்பது ஒரு கெல்வினில் நூறு கோடியில் ஒரு பங்கு). குவாண்டம் இயற்பியலில் ஒவ்வோர் அணுவுக்கும் ஓர் அலை உண்டு. குளிரக் குளிர அந்த அலை நீளும். பக்கத்து அணுவின் அலைமேல் படியும். கடைசியில் சுமார் 2,000 அணுக்களுக்கு ஒரே அலை. பொறியை அணைத்து, மேகத்தை விரியவிட்டு, அதன் நிழலைப் படம் பிடித்தார்கள். அணுக்கள் எங்கே அதிகமோ அங்கே உயரமாக வரைந்தபோது, பரந்த மேட்டின் நடுவே கூர்மையாக ஒரு சிகரம் எழுந்திருந்தது. கிட்டத்தட்ட நகராத அணுக்கள் அவை.

இப்போது வேடிக்கையைப் பாருங்கள். பெயரில் 'அடர்த்தி' இருக்கிறது. பொருளோ நாம் சுவாசிக்கும் காற்றைவிட ஏறக்குறைய லட்சம் மடங்கு மெல்லியது! அணுக்கள் நெருங்கியது இடத்தில் அல்ல, நிலையில். அதனால்தான் 'செறிபொருள்' எனக்கு உறுத்துகிறது. பழந்தமிழில் செறிவுக்கு அடக்கம் என்ற பொருளும் உண்டு என்றாலும், இன்றைய வாசகர் காதில் அது அடர்த்தியாகத்தான் விழும்.

'ஒடுக்கம்' இங்கே பொருந்துகிறது. புலன் ஒடுங்குவது, பேச்சு ஒடுங்குவது என்கிறோம்; ஆட்டம் அடங்கி ஒன்றில் போய்ச் சேர்வது. சைவ மரபில் உலகம் தன் மூலத்துக்குத் திரும்புவதும் ஒடுக்கம்தான்.

ஒடுக்குமுறை நினைவுக்கு வருகிறதே என்று சிலர் தயங்கலாம். இலக்கணம் பார்த்தால் தயக்கம் தேவையில்லை: அடங்கு, அடக்கம், இறங்கு, இறக்கம், அதுபோல ஒடுங்கு, ஒடுக்கம். அணுக்கள் தாமே ஒடுங்குகின்றன. 'ஒடுக்கல்' என்று எழுதினால் மட்டும் யாரோ ஒடுக்கியதாகிவிடும்.