காந்தம் ஒட்டாத சூடு

நான் அடித்த முதல் கத்தி ஏத்தங்காயைக்கூட ஒழுங்காக நறுக்கவில்லை. வீடு கட்டியபோது மிஞ்சிய கம்பியில் ஒரு முழம் எடுத்து, இரண்டு ஞாயிற்றுக்கிழமை அடித்துத் தட்டையாக்கி, அரம் போட்டுக் கூர் தீட்டியிருந்தேன். பார்வைக்கு அசல் பிச்சாத்தி (காய் நறுக்கும் கத்தி) மாதிரியே இருந்தது. ஒரு காயைத் தோல் சீவி முடிப்பதற்குள் விளிம்பு மடங்கிவிட்டது. கேரள எல்லையில் உள்ள களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் எங்கள் ஊரில் வெட்டோத்தியும் (வெட்டரிவாள்) ரப்பர் பால் வெட்டும் கத்தியும் அடிக்கும் கொல்லாசாரி ஒருவர் இருக்கிறார். எழுபது வயதுக்கு மேல், ஊருக்கே மாமா. அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். விளிம்பைக் கட்டைவிரல் நகத்தில் வைத்து லேசாக அழுத்திப் பார்த்துவிட்டு, "இதுல சத்து இல்ல மக்கா" என்றார்.

அவர் சத்து என்றது கார்பனை. கட்டிடக் கம்பியில் கார்பன் 0.3 சதவீதத்துக்குள்தான் இருக்கும். வளைய வேண்டும், வெல்டிங் பிடிக்க வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். அதை எத்தனை முறை காய்ச்சித் தண்ணீரில் முக்கினாலும் கத்திக்கு வேண்டிய விறைப்பு வராது. லாரியின் அடியில் அடுக்கி வைத்திருக்கும் வில்பட்டையில் 0.5 முதல் 0.6 சதவீதம் கார்பன் உண்டு. கூடவே கொஞ்சம் மாங்கனீசு, சிலிக்கான், சில வகைகளில் குரோமியம். தேய்ந்துபோன பழைய அரத்தில் கார்பன் 1 சதவீதத்தையும் தாண்டும். கேட்பதற்கு அரை சதவீத வித்தியாசம். கத்திக்கும் தகரத்துக்கும் உள்ள வித்தியாசமே அதுதான்.

ஆக்கர் கடையில் (பழைய இரும்புக் கடை) குவிந்து கிடக்கும் இரும்பில் எது எது என்று யார் சொல்வது? கிரைண்டர் சொல்லும். ஒரு மூலையைச் சக்கரத்தில் ஒற்றிப் பார்த்தால், கார்பன் குறைந்த இரும்பு நீளமான, கிளை விடாத பொறிகளைத் தரும். கார்பன் கூடக்கூடப் பொறி நடுவழியில் வெடித்துக் கம்பி மத்தாப்பு மாதிரி பூக்கும். கையில் ஒரு கம்பித் துண்டையும் ஒரு பழைய அரத்தையும் வைத்துக்கொண்டு, சந்தேகத் துண்டோடு சேர்த்து மூன்றையும் மாற்றி மாற்றி ஒற்றினால் பத்து நிமிஷத்தில் கண் பழகிவிடும். இன்னும் சந்தேகம் என்றால் சிறு துண்டு ஒன்றைச் செக்கச்செவேலென்று காய்ச்சித் தண்ணீரில் போட்டுச் சுத்தியலால் ஒரு தட்டு. வளைந்தால் அது வேலிக்கு ஆகும். பட்டென்று ஒடிந்தால் கத்திக்கு ஆகும். வில்பட்டை வாங்கும்போது ஒன்று: பல வருஷம் குலுங்கிக் குலுங்கிச் சலித்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் இருக்கலாம். நடு ஓட்டையைச் சுற்றி உள்ள பகுதியை ஒதுக்கிவிடுவது நல்லது.

பட்டறைக்கு என்று பெரிதாக எதுவும் வேண்டாம். இணையத்தில் எல்லாரும் தண்டவாளத் துண்டில் வைத்து அடிக்கிறார்கள். நம் ஊரில் அதைத் தேடிப் போக வேண்டாம். எங்கிருந்து வந்தது என்று கணக்குச் சொல்ல முடியாத ரயில்வே இரும்பைக் கையில் வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஐந்தாறு கிலோ சம்மட்டித் தலை ஒன்றைப் பலாக்கட்டையில் பாதி புதைத்தால் அதுவே பட்டறைக்கல். சம்மட்டியின் முகம் கையகலம்கூட இல்லையே என்று தோன்றும். சுத்தியல் இரும்பைத் தொடும் இடம் அதைவிடச் சின்னது, அதனால் போதும். உலைக்கு லாரியின் பழைய பிரேக் டிரம், அடியில் ஒரு குழாய், காற்றுக்குப் பழைய ஹேர் டிரையர். குழாய் துத்தநாகம் பூசாததாக இருக்க வேண்டும். சூடானால் துத்தநாகம் புகையாகி, அதை மூச்சில் இழுத்தவருக்கு ராத்திரி குளிர்காய்ச்சல் வரும்.

கரி விஷயத்தில் நாம் அதிர்ஷ்டக்காரர்கள். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொல்லன் உலைக்குச் சிரட்டைக்கரிதான் (தேங்காய்ச் சிரட்டை, கொட்டாங்குச்சி). சிரட்டை கடினமானது, அதனால் கரியும் இறுக்கமாக இருக்கும். சாம்பல் குறைவு, சூடு அதிகம். நெல்லிக்காய் அளவுக்கு உடைத்துக் குவித்துக் காற்று விட்டால், இரும்பைத் தூக்கி எறிய வைக்கும் அளவுக்குச் சூடு ஏறும். மிகையாகச் சொல்லவில்லை. ஒருமுறை பேச்சுக் கவனத்தில் பட்டையை உலையிலேயே விட்டுவிட்டேன். வெளியே எடுத்தபோது நுனி வெள்ளையாக ஒளிர்ந்து, தன்னாலேயே பொறி விட்டது. அது அழகில்லை, இரும்பே எரிகிறது என்று அர்த்தம். அந்த நுனியை வெட்டித்தான் எறிய வேண்டும். குழாய் வாய்க்கு நேர் மேலே காற்றில் ஆக்சிஜன் மிஞ்சி நிற்கும். அங்கே இரும்பை வைத்தால் செதிள் செதிளாக உரியும், தோலில் உள்ள கார்பனும் எரிந்து போகும். நாலு விரல் மேலே, கரி அந்த ஆக்சிஜனைத் தின்று தீர்த்த இடத்தில்தான் இரும்பு இருக்க வேண்டும்.

அடிக்கும் வேலையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆரஞ்சு நிறத்தில் அடி, மங்கிய சிவப்புக்கு வந்தால் நிறுத்து, திரும்பக் காய்ச்சு. முகம் திருத்துவது, விளிம்பை மெலிப்பது எல்லாம் கை பழக வரும். ஆனால் கத்தியைக் கத்தியாக்குவது சுத்தியல் அடி என்று நாம் நினைக்கிறோமே, அது தப்பு. வில்பட்டையை அடிக்காமல் கிரைண்டரில் வெட்டிச் சீவினாலும் நல்ல கத்தி செய்யலாம். கத்தி பிறப்பது கடைசி நாளில், சில விநாடிகளில்.

அந்த விநாடிகளில் நடப்பது இதுதான். சாதாரணச் சூட்டில் இரும்பணுக்கள் கனசதுரங்களாக அடுக்கப்பட்டிருக்கும்: எட்டு மூலைக்கும் ஒவ்வொன்று, நட்ட நடுவில் ஒன்று. இந்த அடுக்கில் கார்பன் அணு நுழைய இடமே இல்லை என்று சொல்லலாம். அதனால் கார்பன் இரும்போடு கூடித் தனித்தனித் தகடுகளாக ஒதுங்கிக் கிடக்கும். சூடு 727 டிகிரி செல்சியசைத் தாண்டும்போது அடுக்கே மாறத் தொடங்குகிறது. நடுவில் இருந்த அணு காலி. பதிலாக ஆறு முகங்களின் நடுவிலும் ஒவ்வோர் அணு. இப்போது கனசதுரத்தின் மையத்தில் ஒரு குழி கிடைக்கிறது. கார்பன் அதில் போய் உட்காருகிறது, தகடுகள் கரைகின்றன. இந்த நிலைக்கு ஆஸ்டினைட் என்று பெயர். மெல்ல ஆறவிட்டால் பழைய அடுக்கு திரும்பும், கார்பனும் நிதானமாக வெளியேறி மறுபடி தகடாகும். இரும்பு பழையபடி மெது. திடீரென்று குளிர்வித்தால் அடுக்கு மாறத் துடிக்கும், கார்பன் வெளியேற நேரமிருக்காது. உள்ளே மாட்டிக்கொண்ட கார்பனைச் சுற்றி அடுக்கு இழுபட்டு, கனசதுரம் ஒரு பக்கமாக நீண்டு நிற்கும். அணுத் தளங்கள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்க முடியாது. வழுக்க முடியாத இரும்புதான் விறைத்த இரும்பு. ஜெர்மன் உலோகவியலாளர் அடால்ஃப் மார்ட்டென்சின் நினைவாக அதை மார்ட்டென்சைட் என்கிறார்கள். இப்படிக் காய்ச்சி முக்குவதற்குத் தமிழில் துவைச்சல் என்று பழைய சொல் உண்டு.

சரி, இரும்பு அந்தச் சூட்டைத் தொட்டதா என்று எப்படித் தெரியும்? ஆயிரம் டிகிரி காட்டும் கருவி பிரேக் டிரம் உலை வைத்திருப்பவனிடம் இருக்காது. கண்ணை மட்டும் நம்பவும் முடியாது. ஒரே சிவப்பு மத்தியான வெயிலில் மங்கலாகவும் கருக்கலில் பளிச்சென்றும் தெரியும். இங்கேதான் பழைய ரேடியோ ஸ்பீக்கரின் காந்தம் வருகிறது. இரும்பு 770 டிகிரியில் காந்த ஈர்ப்பை இழக்கும். கம்பியில் கட்டித் தொங்கவிட்ட காந்தத்தைக் கத்தியில் ஒரு கணம் தொட்டு எடுக்க வேண்டும் (நேரம் கடத்தினால் காந்தமே வீணாகும்). ஒட்டினால் திரும்ப உலைக்கு. ஒட்டவில்லை என்றால் ஏறக்குறைய வந்துவிட்டோம். வில்பட்டைக்கு வேண்டியது 830, 840 டிகிரி. அதனால் காந்தம் விட்ட பிறகும் நிறம் இன்னும் ஒரு படி ஏற வேண்டும். அதற்கு மேல் போகக் கூடாது. போனால் உள்ளே இரும்பின் படிக மணிகள் பருத்துவிடும். அப்படிப்பட்ட துண்டை ஒடித்துப் பார்த்தால் முறிந்த முகம் கல்லுப்பு மாதிரி மினுங்கும். சரியான சூட்டில் முக்கியது மாவு போலச் சாம்பல் நிறத்தில் இருக்கும்.

மாமா காந்தம் வைத்து நான் பார்த்ததில்லை. முக்குகிற வேலையை விளக்கு வைக்கும் நேரத்துக்கு என்று தள்ளி வைப்பார். பட்டறையில் பல்பு போட விடமாட்டார். அவர் எதைப் பார்க்கிறார் என்று எனக்குப் புரியவே நாலைந்து தடவை ஆனது. கத்தி சிவந்துகொண்டே வரும்போது அதன் உடம்பில் ஒரு நிழல், மேகம் மாதிரி, முதுகின் ஓரமாக ஊர்ந்து போகும். அணுக்கள் அடுக்கு மாறுவதற்குச் சூட்டை உறிஞ்சுகின்றன. மாறிக்கொண்டிருக்கும் இடம் கொஞ்ச நேரம் சூடேறாமல் மங்கி நிற்கிறது. நிழல் முழுவதும் கரைந்தால் மாற்றம் முடிந்தது என்று பொருள். கத்தியை வெளியே எடுத்து ஆறவிட்டால் இதன் மறுபக்கத்தைப் பார்க்கலாம்: மங்கிக்கொண்டு வரும் இரும்பு ஒரு கட்டத்தில் தன்னாலேயே சற்றுப் பிரகாசமாகும். இந்த மறு ஒளிர்வைக் கவனித்து 1873இல் பெயர் வைத்தவர் பாரெட் என்ற இயற்பியலாளர். மாமாவுக்கு அது "நெழலு".

அடுத்து எதில் முக்குவது. நான் என் முதல் வில்பட்டைக் கத்தியை வாளித் தண்ணீரில் முக்கினேன். சினிமாவில் அப்படித்தானே செய்கிறார்கள். 'டிங்' என்று ஒரு சத்தம், மெட்டி சுண்டினது போல. விளிம்பிலிருந்து பாதி அகலம் வரை கீறல். தண்ணீர் சூட்டை அதிவேகமாகப் பிடுங்குகிறது. மெல்லிய விளிம்பு முதலில் மார்ட்டென்சைட்டாகி விறைக்கிறது. மார்ட்டென்சைட் கொஞ்சம் கூடுதல் இடத்தை அடைக்கும். தடித்த முதுகு பின்னால் மாறி விரியும்போது, ஏற்கெனவே விறைத்துப் போன விளிம்பு விட்டுக்கொடுக்காமல் பிளக்கிறது. வில்பட்டையில் உள்ள மாங்கனீசும் குரோமியமும் கார்பன் வெளியேறுவதைத் தாமதப்படுத்துவதால் அவ்வளவு வேகம் தேவையே இல்லை, எண்ணெய் போதும். சமையல் எண்ணெய் எதுவும் சரிதான். எரிந்த என்ஜின் ஆயில் வேண்டாம், அதன் புகை நுரையீரலுக்கு ஆகாது. எண்ணெயை ஐம்பது, அறுபது டிகிரிக்குச் சூடாக்கிக்கொள்வது நல்லது. குளிர்ந்த எண்ணெய் கொழகொழவென்று நின்று சூட்டைக் கடத்தாது. வெதுவெதுப்பானது நீர்த்து ஓடும். இரும்புப் பாத்திரம், பக்கத்தில் மூடி, பருத்தித் துணி உடுப்பு. எண்ணெய் தீப்பிடித்தால் மூட வேண்டும், தண்ணீர் ஊற்றக் கூடாது.

முக்கி எடுத்த கத்தியில் அரத்தைத் தேய்த்தால் கண்ணாடியில் வழுக்குவது போல வழுக்க வேண்டும். முதல் இழுப்பில் அரம் பிடித்தாலும் பதற வேண்டியதில்லை. உலையில் கார்பன் போன தோல் அது. இரண்டு இழுப்புக்கு அப்புறமும் பிடித்தால்தான் சூடு போதவில்லை என்று அர்த்தம்.

இந்த நிலையில் கத்தி கீழே விழுந்தால் ஒடியும். விறைப்பில் கொஞ்சத்தைக் கொடுத்துத்தான் உறுதியை வாங்க வேண்டும். கத்தியின் ஒரு பக்கத்தை உப்புத்தாள் போட்டுப் பளபளப்பாக்கி, தடித்த இரும்புத் துண்டொன்றைப் பழுக்கக் காய்ச்சி, அதன் மேல் கத்தியின் முதுகை வைத்தேன். ஒரு நிமிஷம் எதுவும் இல்லை. அப்புறம் முதுகில் வெளிறிய மஞ்சள் எட்டிப் பார்த்தது. அது கருத்து, வைக்கோல் நிறமாகி, விளிம்பை நோக்கி நகர்ந்தது. அதன் பின்னாலேயே பழுப்பு, அதன் பின்னால் கத்தரிப்பூ நிறம், கடைசியில் முதுகில் மயில் கழுத்து நீலம். வண்ணம் எதுவும் பூசவில்லை. சூடான இரும்பின் மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம் வளர்கிறது; படலத்தின் மேலும் கீழும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலந்து சில நிறங்களை அழிக்கிறது, மிஞ்சியதை நாம் பார்க்கிறோம். தண்ணீரில் சிந்திய டீசல் காட்டும் அதே வித்தை. படலம் தடிக்கத் தடிக்க நிறம் மாறும் என்பதால் இதுவும் ஒரு வெப்பமானி: வைக்கோல் நிறம் சுமார் 220 டிகிரி, நீலம் 290ஐ ஒட்டி. விளிம்பை வைக்கோல் நிறம் தொட்டதும் தண்ணீரில் போட்டேன். விளிம்பு விறைப்பாகவும் முதுகு வளைந்து கொடுப்பதாகவும் நின்றது. வீட்டில் மின்சார அடுப்புப் பெட்டி இருந்தால் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைப்பது இதைவிடச் சீராக வரும், ஆனால் இந்த வேடிக்கையைப் பார்க்க முடியாது.

அயினிக் கட்டையில் பிடி போட்டு, நிறத்தை அழிக்காமல் மாமாவிடம் கொண்டுபோனேன். வாங்கி, வாசல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, நுனியில் ஒரு விரல் அகலத்தைத் தொட்டுக் காட்டினார். அங்கே மட்டும் விளிம்பு வரை கத்தரிப்பூ நிறம். மெலிந்த நுனி மற்ற இடத்தைவிட வேகமாகச் சூடேறியிருக்கிறது, நான் கவனிக்கவில்லை. "இந்த எடம் மட்டும் கூடிப்போச்சு மக்கா, சீக்கிரம் மழுங்கும்" என்றார். மூன்று மாதமாக அம்மா அதில்தான் காய் நறுக்குகிறாள். அந்த ஒரு விரல் அகலத்தை மட்டும் நான் வாரம் ஒருமுறை தீட்டிக்கொடுக்கிறேன்.