சொல் விளக்கம்: சர்ஜிக்கல் மிஷன்

'டாக்டர் பத்து நாள் மிஷன் போயிருக்கிறார்' என்று யாராவது சொன்னால், தமிழ்க் காதுக்கு முதலில் தையல் மிஷன்தான் நினைவுக்கு வரும். மெஷினையும் மிஷன் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். இந்த மிஷன் வேறு. அறுவை சிகிச்சை வசதி எட்டாத நாட்டுக்கு அறுவை மருத்துவர், மயக்க மருந்து நிபுணர், செவிலியர், சில வேளை பேச்சுப் பயிற்சியாளர் என ஒரு குழு ஊதியம் வாங்காமல் போகிறது. ஒன்றிரண்டு வாரம் தங்கி அறுவை சிகிச்சைகளைச் செய்துவிட்டுத் திரும்புகிறது. உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவு, கண்புரை, தீக்காயத் தழும்பு போன்றவற்றுக்கே இப்படிப்பட்ட பயணங்கள் மிகுதி.

மிஷனின் வேர் லத்தீன். 'மித்தெரே' என்றால் அனுப்பு. அனுப்பப்படும் செய்தியான மெசேஜும், ஏவப்படும் மிசைலும் இதே வேரில் பிறந்தவை. வேடிக்கை என்னவென்றால், ரோமானியப் படையில் 'மிஸ்ஸியோ' என்பது வேலைக்கு அனுப்புவது அல்ல, வேலையிலிருந்து அனுப்புவது. படைவீரன் பணிக்காலம் முடிந்து ஓய்வு பெறுவதற்கு அந்தப் பெயர். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் பொருள் 16ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்கத் துறவிகளான இயேசு சபையாரின் வழக்கில் வேரூன்றியது.

மதம் பரப்பப் போனவர்களுடன் மருந்துப் பெட்டியும் போனது. அமெரிக்க மிஷனரி மருத்துவர் பீட்டர் பார்க்கர் 1835இல் சீனாவின் கான்டன் நகரில் கண் மருத்துவமனை தொடங்கினார். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்கர் சாமுவேல் கிரீன், மானிப்பாயில் இருந்து தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அறுவை மருத்துவ நூலைத் தமிழாக்கியபோது அவர் வைத்த தலைப்பு 'இரண வைத்தியம்'. இரணம் என்றால் புண். கத்தியைப் பாராமல் காயத்தைப் பார்த்து வைத்த பெயர். அது நிலைக்காமல் போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மதச் சார்பு இல்லாத குழுக்களும் இதே வேலைக்கு வந்தன. மிஷன் என்ற பெயர் மட்டும் உதிரவில்லை. 1969இல் இன்டர்பிளாஸ்ட், 1982இல் ஆபரேஷன் ஸ்மைல் என்ற தொண்டு அமைப்புகள் பிறந்தன. அதே 1982இல் விமானத்துக்குள்ளேயே கண் அறுவை அரங்கு வைத்துக்கொண்டு ஆர்பிஸ் பறக்கத் தொடங்கியது.

இனி சர்ஜரி. கிரேக்கத்தில் 'கெயிர்' கை, 'எர்கோன்' வேலை. இரண்டும் சேர்ந்து லத்தீன், பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து வந்ததுதான் சர்ஜரி, நேர்ப்பொருள் கைவேலை. மருந்து கொடுத்துக் காத்திருக்கும் வைத்தியத்திலிருந்து கையால் செய்யும் வைத்தியத்தைப் பிரித்துக் காட்டிய சொல். தமிழோ வெட்டையே பெயராக்கியது. வாளால் அறுத்துச் சுட்டாலும் மருத்துவன்மேல் அன்பு மாறாத நோயாளியைக் குலசேகர ஆழ்வார் பாடியிருக்கிறார். மருத்துவத்துக்கு 'அறுத்தல்' புதிதல்ல. ஆனால் 'அறுவை' தனியாக நின்றால் தொல்லை. சங்க காலத்தில் அதற்குத் துணி என்று பொருள். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் துணி வணிகர். இன்றைய பேச்சில் அறுவை என்றால் தாங்க முடியாத வெட்டிப்பேச்சு. 'அறுவைக் குழு வந்திருக்கிறது' என்று எழுதினால் படிப்பவர் ஓடிவிடுவார். ஆகவே சிகிச்சை என்ற வடசொல்லை ஒட்டவைத்தே தீர வேண்டும்.

மிஷனுக்குத் தமிழ் என்ன? 'தூது' அரசர்களிடம் போகிறது. 'ஊழியம்' தேவாலயத்துக்குள் நுழைகிறது. 'பணி' மாதச் சம்பளத்தையும் குறிக்கும். 'மருத்துவச் சுற்றுலா' முழுத் தவறு: அது நோயாளி பணம் கட்டி வெளிநாடு போவது. 'இலக்கு' விண்கலத்துக்கும் திட்ட அறிக்கைக்கும் பொருந்தலாம், இங்கே ஒட்டாது.

மக்கள் வாயில் ஏற்கெனவே இருப்பது 'முகாம்'. அரபியில் நிற்றலைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்து, தங்குமிடம் என்ற பொருளோடு உருது, பாரசீகம் வழியாக வந்த சொல். அதனால் தனித்தமிழ் அன்பர்கள் முகம் சுளிக்கலாம். எனக்கு அது பிடித்திருப்பதற்குக் காரணமே வேறு. மிஷன் அனுப்புகிறவரின் பக்கம் நின்று பேசுகிறது; முகாம் வந்து தங்கிய இடத்தில் நின்று பேசுகிறது. நோயாளி இருப்பது இரண்டாவது இடத்தில்தான்.

இந்த வேறுபாடு வெறும் சொல் விளையாட்டு அல்ல. உதட்டுப் பிளவைத் தைக்கக் குழந்தைக்குக் குறைந்தது 10 வார வயது, 10 பவுண்டு எடை, 100 மில்லி இரத்தத்தில் 10 கிராம் ஹீமோகுளோபின் வேண்டும் என்பது மருத்துவர்கள் நெடுநாளாகக் கைக்கொண்ட கணக்கு. எடை தேறாத குழந்தையைத் திருப்பி அனுப்பும்போது, அது தேறும் மாதத்தில் அங்கே யார் இருப்பார்? அண்ணத்தில் போட்ட தையல் பிரிந்து துளை விழுந்தால் யார் பார்ப்பார்? உலகளாவிய அறுவை மருத்துவம் பற்றி லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2015இல் சொன்ன கணக்குப்படி, பாதுகாப்பான, கட்டுப்படியாகும் அறுவை சிகிச்சை கிடைக்காதவர்கள் 500 கோடிப் பேர். ஆண்டுக்கு இன்னும் 14.3 கோடி அறுவை சிகிச்சைகள் தேவை. விமானத்தில் வந்து போகும் குழுக்களால் அடைக்கக்கூடிய பள்ளம் அல்ல அது. 1999இல் தொடங்கிய ஸ்மைல் டிரெய்ன் என்ற தொண்டு அமைப்பு, உள்ளூர் மருத்துவருக்கே பயிற்சியும் பணமும் கொடுத்து ஆண்டு முழுவதும் சிகிச்சை நடக்கச் செய்யும் வழியைத் தேர்ந்தது.

தங்கியே விட்டவர்களும் உண்டு. ஆஸ்திரேலிய மருத்துவர் கேத்தரின் ஹாம்லின் 1959இல் கணவர் ரெஜினால்டுடன் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் எத்தியோப்பியா போனார். நீடித்த பிரசவ வலியில் சிறுநீர்ப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவே துளை விழுந்த பெண்களுக்காக 1974இல் இருவரும் அடிஸ் அபாபாவில் மருத்துவமனை திறந்தார்கள். 2020இல் கேத்தரின் இறந்ததும் அதே நகரில்தான். அவர் செய்ததை மிஷன் என்றும் முகாம் என்றும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எழுதுவோருக்கு: ஆட்களைக் குறிக்க 'தன்னார்வ அறுவை சிகிச்சைக் குழு', அவர்கள் வந்து செய்யும் வேலைக்கு 'அறுவை சிகிச்சை முகாம்'. தன்னார்வத்துக்குப் பதில் 'தொண்டர்' அழகான சொல்தான், ஆனால் 'தொண்டர்கள் வந்தனர்' என்றதும் கட்சிக்கொடி கண்ணில் ஆடும். இலங்கைத் தமிழ் வாசகருக்கு எழுதினால் 'சத்திரசிகிச்சை முகாம்' என்று போடுங்கள். அங்கே அதுதான் வழக்கு.