தோல் எரிந்தும் நின்ற உருண்டை

1976 மே 20 அன்று கனடாவின் மாண்ட்ரியலில், செயின்ட் ஹெலன் தீவில் நின்ற ஒரு பெரிய கண்ணாடி போன்ற உருண்டையில் பழுதுபார்க்கும் வேலை நடந்தது. வெல்டிங் வேலையில் தீப்பிடித்து, சுமார் அரைமணி நேரத்தில் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக்கான அக்ரிலிக்கால் ஆன அதன் தோல் முழுக்க எரிந்துபோனது. இரும்புக் கூடு மட்டும் அப்படியே நின்றது.

1967 உலகக் கண்காட்சிக்கு அமெரிக்கா கட்டிய அரங்கம் அது, வடிவமைப்பு பக்மின்ஸ்டர் ஃபுல்லர். 76 மீட்டர் விட்டம், 62 மீட்டர் உயரம், ஆனால் கூரையைத் தாங்க நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. எப்படி நிற்கிறது?

நாலு ஈர்க்குச்சியைச் சதுரமாக வைத்து முனைகளில் நூலால் கட்டுங்கள். ஒரு மூலையை விரலால் தள்ளினால் சாய்ந்துவிடும். மூன்றை முக்கோணமாகக் கட்டினால் அசையாது, குச்சியே ஒடிந்தால்தான் வடிவம் மாறும். அந்த உருண்டையின் வெளிப்புறம் முழுக்க இரும்புக் குழாய்களால் ஆன இந்த முக்கோணம்தான். எங்கே அழுத்தினாலும் பாரம் பல குழாய்களுக்குப் பிரிந்து போகிறது, எந்தக் குழாயும் பெரிதாக வளைய வேண்டியதில்லை.

சரி, தட்டையான முக்கோணங்கள் எப்படி உருண்டையாகும்? ஒரு முனையைச் சுற்றி ஆறு சமபக்க முக்கோணங்களை வைத்தால் 360 டிகிரி நிரம்பி, தரையில் பதித்த ஓடு மாதிரி தட்டையாகக் கிடக்கும். ஐந்தை மட்டும் வைத்து இடைவெளியை இழுத்து ஒட்டினால் நடு மேலே எழும்பிவிடும். இப்படி ஒரு முழு உருண்டையில், மற்ற எல்லா முனையிலும் ஆறு சேர்ந்தால், ஐந்து சேரும் முனைகள் சரியாக 12 இருந்தாக வேண்டும், எத்தனை பெரிதாகக் கட்டினாலும். எனக்கு இதில் தீராத வியப்பு. 1985இல் 60 கார்பன் அணுக்கள் சேர்ந்த மூலக்கூறு கிடைத்தபோது அதிலும் 12 ஐங்கோணங்கள் இருந்தன, அதற்கு ஃபுல்லர் பெயரையே வைத்தார்கள்.

தீக்கு வருவோம். அக்ரிலிக் வெறும் போர்வைதான், கூட்டின் பாரத்தை அது சுமக்கவில்லை. சூடானதும் ஆவியாகி வேகமாக எரிந்து தீர்ந்துவிட்டது. உருக்கு சுமார் 600 டிகிரியில் பாதி பலத்தை இழந்துவிடும், நெருப்பு அங்கேயே மணிக்கணக்கில் நின்றிருந்தால் கதை வேறு.

அப்புறம் வருஷக்கணக்கில் பூட்டியே கிடந்தது. 1990இல் கனடா சுற்றுச்சூழல் துறை கையிலெடுத்து, 1995இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. புதுத் தோல் போர்த்தவில்லை, நல்லதாய்ப் போயிற்று. கூட்டுக்குள்ளேயே தனிக் கட்டடம் எழுப்பினார்கள், மழையும் பனியும் குழாய்களுக்கு நடுவே நேராக அதன் மேல் விழுகின்றன.