ஒரு லட்சம் பட்டங்களுக்கு ஒரே ஹாஷ்

பெரம்பூர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "என் மகளின் பட்டச் சான்றிதழுக்கு மெய்த்தன்மைச் சான்று வாங்க அலைந்துகொண்டிருக்கிறோம். பல்கலைக்கழகங்களில் பிளாக்செயின் வந்தால் இந்த அலைச்சல் தீருமா?"

பெருமளவு தீரும். பிளாக்செயின் என்பது பல கணினிகளில் ஒரே மாதிரி நகலாக இருக்கும், பதிவுகளைச் சங்கிலியாகக் கோத்து வைக்கும் பொதுப் பதிவேடு. ஆனால் அலைச்சலைத் தீர்க்கும் உழைப்பில் முக்கால் பங்கு, பிளாக்செயினைவிட மூத்த ஒரு கணக்கினுடையது. 1979-இல் கணினி அறிவியலாளர் ரால்ஃப் மெர்கிள் வகுத்தது; மெர்கிள் மரம் என்பார்கள்.

எந்தக் கோப்பையும் 256 பிட் நீளமுள்ள ஓர் எண்ணாகச் சுருக்குவது ஷா-256. அந்த எண்ணுக்கு ஹாஷ் என்று பெயர். சான்றிதழில் 72 மதிப்பெண்ணை 73 ஆக்கினால் போதும், ஏறக்குறைய பாதி பிட்டுகள் புரண்டுவிடும். ஹாஷை வைத்துக்கொண்டு கோப்பை மீட்கவும் வழியில்லை. ஆனாலும் மதிப்பெண்களை ஊகித்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க முடியுமே! அதைத் தடுக்க ஒவ்வொரு சான்றிதழோடும் யாரும் ஊகிக்க முடியாத ஒரு தற்போக்கு எண்ணைச் சேர்த்துக்கொள்கிறார்கள்.

இனி என் மனங்கவர்ந்த பகுதி. பட்டமளிப்பு விழாவில் 1,00,000 பேர் பட்டம் பெறுகிறார்கள் என்று கொள்வோம். அவர்களுடைய சான்றிதழ்களின் ஹாஷ்களை இரண்டிரண்டாக ஒட்டி மறுபடி ஹாஷ் எடுத்தால் 50,000. மறுபடியும் அப்படியே செய்தால் 25,000. நாக் அவுட் போட்டியைப் போல 17 சுற்றில் ஒன்றே ஒன்று மிஞ்சும். அதுதான் வேர். பல்கலைக்கழகம் ஊரறியப் பதிய வேண்டியது இந்த வேரை மட்டுமே. மாணவியின் கையில் அவருடைய சான்றிதழும், ஒவ்வொரு சுற்றிலும் அவருக்கு இணையாக வந்த ஹாஷும் இருக்கும். மொத்தம் 17 ஹாஷ்கள், வெறும் 544 பைட். சான்றிதழின் ஹாஷோடு அவற்றை வரிசையாகச் சேர்த்து ஹாஷ் எடுத்துக்கொண்டே போனால் அதே வேர் வர வேண்டும். வந்தால் சான்றிதழ் அசல். மற்ற 99,999 பேரின் மதிப்பெண்ணில் ஓர் எழுத்துகூட வெளியே தெரியாது. சரிபார்க்கும் நிறுவனம் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதிக் காத்திருக்கவும் வேண்டாம். எத்தனை முறை கணக்குப் போட்டுப் பார்த்தாலும் இந்தச் சிக்கனம் எனக்குச் சலிப்பதில்லை.

பிளாக்செயினின் பங்கு, அந்த வேரைப் பின்தேதியிட்டு மாற்ற முடியாதபடி பூட்டிவைப்பது. 1990-களில் ஹேபர், ஸ்டோர்னெட்டா என்ற ஆய்வாளர்கள் இருவரும் இதே வேலைக்கு நாளிதழ் விளம்பரத்தைப் பயன்படுத்தினார்கள். நியூயார்க் டைம்ஸில் ஹாஷ் அச்சானது. 2017-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் தன் பட்டதாரிகள் 111 பேருக்கு பிட்காயின் சங்கிலியில் பதிந்த மின்னணுப் பட்டங்களை வழங்கியது.

பிளாக்செயின் என்ற பெயரைத் தாயத்துபோலக் கட்டிக்கொண்டால் போலிச் சான்றிதழ் ஓடிவிடும் என்று நம்புவதை என்னால் ஏற்க முடியாது. உள்ளே போகும் மதிப்பெண் சரியா என்று சங்கிலிக்குத் தெரியாது. தேர்வுப் பிரிவில் யாரோ 37-ஐ 73 என்று ஏற்றிவிட்டால், அந்தத் தவற்றையும் அது அப்படியே காப்பாற்றும். ஆகவே நம் கல்லூரிகள் ஆடம்பரமான பிளாக்செயின் ஆய்வகம் திறக்கும் முன், பழைய மதிப்பெண் பதிவேடுகளை இருவர் தனித்தனியே ஒப்பிட்டுக் கணினியில் ஏற்றும் வேலைக்குப் பணமும் ஆட்களும் ஒதுக்க வேண்டும்.