மாத்திரையை நிறுத்திவிட்டுப் பூண்டு சிரப் குடிக்கலாமா?

கொடைக்கானல் பக்கத்து மன்னவனூரிலிருந்து என்னிடம் வைத்தியத்துக்கு வந்தவர் முதலில் மேசைமேல் வைத்தது ஒரு கட்டுப் பூண்டு. அடுப்புக்கு மேலே தொங்கிப் புகையேறிய வாசம் அறை முழுக்கப் பரவியது. "நம்ம தோட்டத்துப் பூண்டும்மா" என்றார். அடுத்து, பைக்குள்ளிருந்து ஒரு பாட்டில். பூண்டு, இஞ்சி, எலுமிச்சை, ஆப்பிள் சிடர் வினிகர், தேன் எல்லாம் சேர்த்துக் காய்ச்சிய சிரப். அடைப்பைக் கரைக்கும் என்று இதயப் படத்தோடு அச்சடித்திருந்தார்கள்.

அவருக்கு வயது 58. இரண்டு வருடத்துக்கு முன் மதுரையில் ஸ்டென்ட், அதாவது அடைத்த இதய ரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் சின்னக் குழல், வைத்தவர். போன முறை எல்டிஎல், அதாவது கெட்ட கொழுப்பு, 66. இந்த முறை 148.

"மாத்திரை சாப்பிடுறீங்களாய்யா?"

ஜன்னல் பக்கம் பார்த்தார். "கொழுப்பு மாத்திரையை நிறுத்தி மூணு மாசமாச்சும்மா. அதான் இதைக் குடிக்கிறேனே. அது கெமிக்கல், இது மண்ணுல விளைஞ்சது." ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரினை நிறுத்தவில்லை, நல்லவேளை.

கொடைக்கானலில் உட்கார்ந்துகொண்டு மலைப்பூண்டைக் குறை சொல்ல முடியுமா? 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு. நானே நாலு பல் தட்டிப் போடாமல் ரசம் வைப்பதில்லை. ஆனால் அது மாத்திரையின் இடத்தில் வந்து உட்கார்ந்தால் சும்மா இருக்க முடியவில்லை.

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தார் 2007-ல் வெளியிட்ட ஆய்வில் 192 பேர். பச்சைப் பூண்டு, பூண்டுப் பொடி, பூண்டுச் சாறு என்று பிரித்து ஆறு மாதம் கொடுத்தார்கள். எல்டிஎல் அசையவில்லை. 2022-ல் கிளீவ்லேண்ட் கிளினிக் செய்த இன்னொரு ஆய்வில், ஸ்டாட்டின் என்ற கொழுப்பு மாத்திரை வகையைச் சேர்ந்த ரோசுவாஸ்டாட்டின் 5 மில்லிகிராம், 28 நாளில் எல்டிஎல்லைச் சுமார் 38 சதவீதம் குறைத்தது. கூடவே சோதித்த பூண்டு, மஞ்சள், பட்டை மாத்திரைகள் எதுவும் வெற்று மாத்திரையைவிட மேலாக எல்டிஎல்லைக் குறைக்கவில்லை. வேறு சில ஆய்வுகளில் பூண்டால் கொஞ்சம் குறைந்ததும் உண்டு. ஸ்டென்ட் வைத்தவருக்கு அந்தக் 'கொஞ்சம்' எந்த மூலைக்கு?

நம் உடம்பிலுள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி சாப்பாட்டில் வருவதல்ல, உடம்பே தயாரிப்பது. ஸ்டாட்டின் ஈரலில் அந்தத் தயாரிப்பை மட்டுப்படுத்துகிறது. கையிருப்பு குறைந்ததும் ஈரல் ரத்தத்திலிருக்கும் எல்டிஎல்லை இழுத்துக்கொள்கிறது. அப்புறம், கெமிக்கல் என்று ஏசுகிறோமே, ஜப்பானின் அகிரா எண்டோ 1973-ல் முதல் ஸ்டாட்டினைக் கண்டெடுத்தது ஒரு பூஞ்சையிலிருந்துதான். அதுவும் மண்ணின் சொந்தக்காரன்தான்.

பேச்சோடு பேச்சாக, பல் தேய்க்கும்போது ரத்தம் வருகிறது என்றார். ஈறு நோயாக இருக்கலாம் என்று பல் டாக்டரிடம் அனுப்பினேன். ஆனால் ஆஸ்பிரின் எடுப்பவர் செறிவான பூண்டுச் சாற்றைத் தினமும் குடித்தால் ரத்தம் உறைவது இன்னும் தாமதமாகலாம். குழம்பில் போடும் பூண்டுக்கு இந்தப் பயம் வேண்டாம். ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தால் மட்டும், இந்த மாதிரி சிரப், கேப்ஸ்யூல் எடுப்பதை மறக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வோம்.

கொழுப்பைக் குறைக்கும் என்று விற்கும் சிவப்பு ஈஸ்ட் அரிசி (பூஞ்சை வைத்துப் புளிக்கவைத்த அரிசி) கேப்ஸ்யூல் வேறு கதை. அதிலுள்ள மொனகோலின் கே என்பது லோவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் மருந்தேதான். மூலிகை என்று நம்பி ஸ்டாட்டினோடு சேர்த்துச் சாப்பிட்டால் மருந்து இரட்டிப்பாகி தசைவலியில் கொண்டுபோய் விடலாம்.

பாட்டிலைத் திருப்பி, செல்போன் டார்ச் அடித்துப் பார்த்தேன். மிளகைவிடச் சின்ன எழுத்தில், ஆங்கிலத்தில்: மருந்தாகப் பயன்படுத்துவதற்கல்ல. படித்துக் காட்டினேன். "இதைப் பெருசா போட்டா யாரும்மா வாங்குவா?" என்று சிரித்தார்.

சிரித்த பிறகுதான் உண்மை வந்தது. கால்வலி. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர், கொழுப்பு மாத்திரை தசையைத் தின்றுவிடும் என்றாராம். ஸ்டாட்டினால் சிலருக்குத் தசைவலி வருவது நிஜம். அதற்கு ரத்தப் பரிசோதனை இருக்கிறது, அளவைக் குறைக்கலாம், வேறு மாத்திரை மாற்றலாம். எங்களிடம் சொல்லாமல் நிறுத்தினால்தான் ஒன்றும் செய்ய முடியாது. இவருக்குப் பரிசோதனையில் குறையில்லை. இருந்தாலும் மாத்திரையை மாற்றிக் கொடுத்தேன்.

இரண்டு மாதம் கழித்து வந்தார். எல்டிஎல் 71. கால்வலி எப்படி என்று கேட்டேன். பூண்டு நடுகிற நாளில் மட்டும் இருக்கிறதாம்.