ஐரிஷில் ஒரு பெண்ணும் பல பெண்களும்

அயர்லாந்தில் பல பொதுக் கழிப்பறைக் கதவுகளில் 'ம்னா', 'ஃபிர்' என்றிருக்கும். முதல் எழுத்து 'எம்' என்பதால் ஐரிஷ் அறியாத ஆண்கள் ம்னா கதவைத் திறந்துவிடுவதுண்டு. ம்னா என்றால் பெண்கள். ஒருமையில் 'பியன்', 'பஸ்' என்பதில் வரும் பகரத்தோடு சொல்ல வேண்டும்.

பாடநூல்கள் இச்சொல்லை விதிவிலக்கு என்று ஒதுக்கிவிடும். அது நியாயமில்லை. ஒலிகள் ஒழுங்காக மாறியதன் விளைவுதான் இந்த வடிவம்.

இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் இச்சொல் உதடு குவித்துச் சொல்லும் ககரத்தில் தொடங்கியது. கிரேக்கத்தில் ககரமாகவே நின்றது. கைனகாலஜிஸ்ட் அங்கிருந்து வந்தது. பாரசீகத்தில் 'ஜன்', அதிலிருந்து அந்தப்புரத்தைக் குறிக்கும் ஜெனானா. ஆங்கிலத்தில் குவீன். ஐரிஷில் பகரம். பசுவுக்கும் இதேதான்: சமஸ்கிருதத்தில் கோ, ஐரிஷில் போ.

பியனில் ப, ன இரண்டுக்கும் நடுவே உயிர் உண்டு. ஆறாம் வேற்றுமையில் அழுத்தம் ஈற்றுக்குப் போனதால் அந்த உயிர் விழுந்து 'ப்னா' ஆனது. இப்போது ப்னா என்று மெல்லச் சொல்லிப் பாருங்கள். னகரத்துக்காக மூச்சு முன்கூட்டியே மூக்குக்குப் போனால், மூடிய உதட்டில் பிறப்பது மகரம். நாள், மலர் சேர்ந்து நாண்மலர் ஆவதும் இப்படித்தான். வடக்கே அல்ஸ்டர், மேற்கே கானக்ட் வட்டாரப் பேச்சில் இன்னும் நகர்ந்து 'ம்ரா' என்பார்கள், எழுதுவது ம்னாதான்.

பன்மை எழுவாய்க்கும் ஒருமை ஆறாம் வேற்றுமைக்கும் ம்னா ஒன்றே. 'ந ம்னா' என்றால் 'அந்தப் பெண்கள்'. 'ஹத்த ந ம்னா' என்றால் 'அந்தப் பெண்ணின் தொப்பி'. 'பெண்களின்' என்பதற்கு மட்டும் 'பன்'. அதன் முன் 'ந' வந்தால் எழுத்தில் பகரத்துக்கு முன்னால் ஒரு மகரம் சேரும். வாயில் 'ந மன்' என்றே வரும். அந்த 'ந' ஒருகாலத்தில் மூக்கொலியில் முடிந்தது. முடிவு தேய்ந்துபோனது, அடுத்த சொல்லில் அதன் தடம் மட்டும் தங்கிவிட்டது. 1914இல் டப்ளினில் தொடங்கிய பெண்கள் அமைப்பின் பெயரைக் 'குமன் ந மன்' என்று சொல்வது இதனால்தான்.

புதிதாகக் கற்பவர்கள் எண்ணும்போது தடுக்குவார்கள். மூன்று பெண்கள் என்பதற்கு 'ட்ரூர் ம்னா' என்பது பிழை. 'ட்ரூர் பன்' என்க. ஆட்களை எண்ணும் சொல்லுக்குப் பின் ஆறாம் வேற்றுமைப் பன்மையே வரும்.

பன் முன்னொட்டாகவும் வரும். ராணி 'பன்ரீன்', பெண்பால். இளவரசி 'பன்ஃபிரின்ஸ'. அது இலக்கணத்தில் ஆண்பால்! கூட்டுச்சொல்லின் பாலைக் கடைசிச் சொல்லே முடிவு செய்கிறது, 'பிரின்ஸ' இளவரசன்.