பிளக் உருகியும் எம்.சி.பி. ஏன் விழவில்லை?

கடலூரில் தேவனாம்பட்டினம், முதுநகர் பக்கம் கடலை ஒட்டிய வீடுகளில் பழைய பிளக் பாயிண்ட் எதையாவது கழற்றிப் பாருங்கள். பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். உப்புக் காற்று செய்கிற வேலை. பலர் அதை அழுக்கு என்று விட்டுவிடுகிறார்கள். அந்த மாதிரி இடத்தில் தீப்பிடிக்கலாம். அப்படி பிளக்கே உருகினாலும், மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் சுவிட்சான எம்.சி.பி. ஏன் விழுவதில்லை என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

தடையின் வழியே மின்சாரம் பாய்ந்தால் சூடு பிறக்கும். மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால் அது எத்தனை வாட் என்று தெரியும். 1841இல் ஜேம்ஸ் ஜூல் வெளியிட்ட விதி இது.

1500 வாட் அயர்ன் பாக்ஸ் 230 வோல்ட்டில் சுமார் 6.5 ஆம்பியர் இழுக்கும். போர்டிலிருந்து பிளக் பாயிண்ட் 10 மீட்டர் தள்ளி இருக்கிறது, வயர் 1.5 சதுர மி.மீ. செம்பு என்று வைத்துக்கொள்வோம். போக வர 20 மீட்டர். அத்தனைக்கும் சேர்த்துத் தடை கால் ஓமுக்கும் சற்றுக் குறைவு; சூடாகப் போவது 10 வாட். மீட்டருக்கு அரை வாட்தான், சுவரோடு சுவராகப் பரவிப் போய்விடும்.

சரி, பாயிண்டுக்குள் செருகும் பிளக்கின் பித்தளைப் பின்னில் (pin) களிம்பு ஏறியிருந்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம். அங்கே தடை அரை ஓம் ஆகிவிட்டால் 21 வாட். ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன்கூட 25 வாட்டில் கிடைக்கிறது. அந்தச் சூடு நகத்தளவு இடத்தில், காற்றோட்டமே இல்லாத பிளாஸ்டிக் கூட்டுக்குள் பிறக்கிறது. எத்தனை வாட் என்பது பாதி விஷயம்தான். எவ்வளவு இடத்தில், வெளியேற வழி உண்டா என்பதுதான் மீதி. அப்புறம் அது தன்னாலேயே வளரும்: சூட்டில் பிடிப்புத் தகடு தளரும், உலோகத்தின் மேல் ஆக்சைடு கூடும், தடை ஏறும், சூடு இன்னும் ஏறும்.

எம்.சி.பி. இதைக் கண்டுகொள்ளாது. மின்னோட்டம் அளவு மீறினால்தான் அது விழும். இங்கேயோ தடை கூடியதால் மின்னோட்டம் துளி குறைந்திருக்கிறது. பூமிக்குக் கசிவும் இல்லாததால், கசிவைக் கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் விழாது. பிளக் பின்னில் 3 வோல்ட் வீணாய்ப் போனாலும் அயர்ன் பாக்ஸ் வழக்கம்போல் துணி தேய்க்கும். கருகல் வாடைதான் முதல் எச்சரிக்கை.

வாடை வந்தால் மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, பிளக்கையும் பாயிண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் கெடுக்கும். உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்குவது வேண்டவே வேண்டாம். மேலே உள்ள நிக்கல் பூச்சு போய், வெறும் பித்தளை கடல் காற்றில் இன்னும் சீக்கிரம் களிம்பேறும்.